சிக்கனம் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

(வணிகர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

வியாபாரத்தில் மந்தம் என்பது நமக்குப் புதிதல்ல. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் தொழிலையே எடுத்துக் கொள்ளுங்கள். 1996 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கழிவுநீரைச் சுத்திகரிக்க வழி செய்யாத தொழிற்சாலைகள் மூடப்பட வேண்டும் என்றாயிற்று. 2008ல் மேலைநாடுகளில் வாங்குவோர் கையைச் சுருக்கினர். 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு. 2025 ஆகஸ்ட் 27ல் இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்க வரி 50 சதவீதமாக உயர்ந்தது. ஆம்பூர் ஷூவும் அதற்குத் தப்பவில்லை.

மந்தம் வரும், போகும். அது வரும்போது நாம் எதை முதலில் வெட்டுகிறோம்? இதுதான் கேள்வி.

மனசாட்சியோடு சொல்லுங்கள். முதலில் வேலையாளின் கூலியில் கை வைக்கிறோம். அடுத்து, "பொம்பளைப் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு?" என்று மகளைக் கல்லூரியிலிருந்து நிறுத்துகிறோம். பிறகு தர்மத்தைக் குறைக்கிறோம். ஆனால் கல்யாண மண்டபம் மட்டும் குறைவதில்லை! கடன் வாங்கியாவது பிரியாணி மணக்க வேண்டும்! இதற்குப் பெயர் சிக்கனமா?

ஹிஜ்ரி 18ல் (கி.பி. 639) மதீனாவைக் கடும் பஞ்சம் பிடித்தது. காற்றில் மண் சாம்பலாய்ப் பறந்ததால் அதைச் 'சாம்பல் ஆண்டு' என்றே வரலாறு அழைக்கிறது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் என்ன செய்தார்கள்? மக்களுக்குக் கிடைக்காத நெய்யை நானும் தொடமாட்டேன் என்று உறுதி எடுத்தார்கள். வெறும் ஆலிவ் எண்ணெயோடு காலம் கழித்து, அவர்களின் மேனியே கறுத்துப் போனது. வெளிப்பகுதி ஆளுநர்களுக்கு எழுதித் தானியம் வரவழைத்து, பசித்தவர்களுக்குப் பங்கிட்டார்கள். ஆட்சியாளரின் தட்டில்தான் அங்கே முதல் வெட்டு விழுந்தது!

முதலாளி சகோதரரே! உங்கள் வீட்டுச் செலவில் முதலில் கை வையுங்கள். கல்லாவில் இருப்பதெல்லாம் வருமானம் அல்ல. அதில் சரக்குக்காரர் பணம் இருக்கிறது, வாடகை இருக்கிறது, கூலி இருக்கிறது. வீட்டுக்கென்று மாதம் ஒரு தொகையை எழுதி எடுங்கள். அதற்கு மேல் கல்லாவில் கை விடாதீர்கள். ஷூ கம்பெனிகளில் வேலை செய்வோரில் பெரும்பகுதி பெண்கள். அவர்கள் கூலியை நம்பித்தான் அடுப்பு எரிகிறது. வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. வேலை குறைந்தால் அவர்களிடம் உள்ளதைச் சொல்லுங்கள். இருக்கும் வேலையைப் பங்கிட்டுக் கொடுங்கள்.

இளைஞனே! தவணையில் போன், தவணையில் பைக் என்று வரப்போகும் சம்பளத்தை இன்றே விற்றுவிடாதே. யூசுஃப் (அலை) அவர்கள் ஏழு செழிப்பான ஆண்டுகளின் விளைச்சலைக் கதிரோடு சேமிக்கச் சொல்லி, அடுத்த ஏழு பஞ்ச ஆண்டுகளைக் கடக்க வழி காட்டினார்கள். நாமோ செழிப்பிலேயே கடன் வாங்குகிறோம்!

வட்டிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு லட்சத்துக்கு 'அஞ்சு வட்டி' என்றால் மாதம் 5,000, வருடம் 60,000. இருபது மாதத்தில் அசலுக்குச் சமமாக வட்டி கட்டியிருப்பீர்கள். அசலோ அப்படியே நிற்கும்! ஹராம் என்பது ஒருபுறம்; குடும்பத்தையே விழுங்கும் குழி இது.

ஜகாத்தைக் குறைக்காதீர்கள். அது இரண்டரை சதவீதம்தான். கையில் தங்கிய செல்வத்துக்கும் சரக்குக்கும் உரியது. உங்கள் பக்கத்துக் கடைக்காரர் கந்துவட்டிக்காரனிடம் போகாமல் காப்பாற்றுவது ஜகாத்தாகவும் இருக்கலாம், நீங்கள் தரும் வட்டியில்லாக் கடனாகவும் இருக்கலாம்.

ஒவ்வொரு ஊர் ஜமாஅத்தும் மூன்று முடிவு எடுக்கட்டும். திருமண விருந்துக்கு ஓர் எல்லை. வட்டியில்லாக் கடனுக்கு ஒரு நிதி. பணமில்லை என்பதற்காக எந்தப் பிள்ளையின் படிப்பும் நிற்கக்கூடாது என்ற உறுதி. முதல் எளிய திருமணம் வசதி படைத்தவர் வீட்டில் நடக்கட்டும். அப்போதுதான் ஏழைத் தகப்பன் வெட்கப்படாமல் பின்தொடர்வான்.

வீண்விரயத்திலிருந்தும் கஞ்சத்தனத்திலிருந்தும் வல்ல ரஹ்மான் நம்மைக் காப்பானாக! ஆமீன்.