எஃகுக் கைக்கவசம்



தேராதூன் என்றதும் பாசுமதி அரிசியும் வன ஆராய்ச்சி நிலையமும் நம் நினைவுக்கு வரும். இடைக்கால ஐரோப்பிய வீரர் அணிந்த கவசங்களின் மாதிரிகள் இன்று அவ்வூரில் உருவாகிக் கடல் கடந்து செல்கின்றன என்பதை அறிந்தோர் சிலரே. கூர்க்காப் படையினருக்குக் குக்ரிக் கத்தி வழங்குவதற்காக 1943-இல் தோன்றிய விண்ட்லாஸ் நிறுவனம் பின்னாளில் இத்தொழிலிலும் பெயர் பெற்றது. பழம்போர்களை மீண்டும் நிகழ்த்திக் காட்டுவோர் இத்தகைய மாதிரிகளை வாங்கி அணிகின்றனர். அவற்றுள் கைக்கவசத்தைப் பற்றி மட்டும் இன்று காண்போம்.

மார்பு மடங்குவதில்லை. கையோ மடங்கும், நீளும், திரும்பும். ஆகவே கொல்லனுடைய அறிவு முழுவதும் முழங்கையிலேதான் சோதிக்கப்படுகிறது. பதினைந்தாம் நூற்றாண்டு மிலான் நகரத்துக் கொல்லர்கள் மேற்கைக்கு ஒரு குழாயும், முன்கைக்குக் கீல் வைத்துத் திறக்கும் ஒரு குழாயும் அமைத்தனர். இடையே முழங்கைக்கு ஒரு கிண்ணம். அதன் இருபுறமும் குறுகிய பட்டைத் தகடுகள். தகடுகளைப் பிணைக்கும் தறையாணிகளுள் சில நீண்ட துளைகளில் நகரும்படி விடப்பட்டன. கை மடங்கும்போது தகடுகள் இறாலின் ஓடுபோல ஒன்றின்மேல் ஒன்று சரிந்து இடம் கொடுக்கும். முழங்கையின் உட்புறம் மென்மையானது. கிண்ணத்திலிருந்து விரியும் சிறகு போன்ற தகடு அதற்குக் காவல்.

1440-ஐ ஒட்டி மிலானில் செய்யப்பட்ட ஒரு முழுக்கவசம் கிளாஸ்கோ நகரின் கெல்வின்குரோவ் காட்சிசாலையில் உள்ளது. அக்கால மிலான் கவசங்களில் இடமுழங்கைக் காப்பு வலத்தினும் பெரிதாக இருப்பது வழக்கம். ஈட்டியேந்திக் குதிரைமேல் வரும் வீரனின் இடப்புறமே பகைவனை எதிர்கொள்ளும் அல்லவா? காரணம் அறியாதவன் ஒரு படத்தைப் பார்த்து இரு கைகளையும் ஒரே அளவில் செய்துவிடுகிறான். மொழிபெயர்ப்பே பிழைப்பாகக் கொண்ட நமக்கு இந்த வகை நகல் புதிதன்று. சொல் இருக்கும், பொருள் இராது.

சுவரில் மாட்டும் மாதிரிக்கு இதனால் கேடில்லை. அணிந்து போரிடுபவனுக்கோ எலும்பு முறியும். முனை மழுங்கிய வாளாயினும் எஃகு எஃகுதான். அதனால் போர்விளையாட்டுக்குரியவற்றைப் பெரும்பாலும் 1.2 முதல் 1.6 மில்லிமீட்டர் தடிப்புள்ள தகட்டில் செய்கின்றனர். உள்ளே பஞ்சடைத்த சட்டையும் வேண்டும்.

நம் நாட்டுத் ‘தஸ்தானா’ வேறு வழியை மேற்கொண்டது. முன்கையின் வெளிப்புறத்தை முழங்கைவரை மூடுவது ஒரே நீண்ட தகடு. மணிக்கட்டின் உட்புறத்துக்குக் கீல் பூட்டிய சிறு தகடு. மேற்கையை இரும்பு வளையங்களால் பின்னிய சட்டை காத்தது. முழங்கை மடங்குவதற்குத் தகடு குறுக்கே நிற்பதில்லை. நம் கண்ணுக்கு இதுவே எளிமையான தீர்வாகப் படுகிறது.

ஐரோப்பிய முறையை விரும்பி வாங்குவோர் முதலில் பளபளப்பைப் பாராது, அதை அணிந்து கையை மடக்கி விரல் நுனியால் தோளைத் தொட முயல்கின்றனர். தகடு தசையைக் கிள்ளினால் திருப்பித் தந்துவிடுகின்றனர்.