கையின் கல்வி
(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கைத்தொழில் குறித்துச் சில கூறுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். தமிழ்ப்பாடஞ் சொல்லும் யாம் தோல்வினையைப் பற்றிப் பேசுதல் சிலர்க்கு வியப்பாகலாம். ஆசிரியர் கற்கவேண்டிய பாடம் ஒன்று அதன்கண் உளதாதலின் பேசத் துணிந்தோம்.

பிரெஞ்சு தேசத்துப் பாரிஸ் மாநகரில் 1837-ஆம் ஆண்டில் தியரி எர்மேஸ் என்பார் வண்டிக் குதிரைகட்கு வார்ப்பட்டை செய்யும் பட்டறை ஒன்று தொடங்கினார். குதிரைவண்டி மறைந்தது, கைத்தையல் மறைந்திலது. மெழுகிட்ட நார்நூலின் இருமுனையிலும் ஊசி கோத்து, தோலில் துளையிட்டு, இருபுறத்தினின்றும் எதிரெதிரே செலுத்தித் தைப்பர். ஓரிழை அறினும் ஏனைத் தையல் எளிதிற் பிரியாது. அத்தையலே இன்று செல்வர் விரும்பும் கைப்பைகளைத் தாங்கி நிற்கின்றது.

அப்பைகளை விழைவார் பலர், கிடைப்பனவோ சில. பெரியதோர் ஆலை கட்டி விரைந்து செய்தாலென்ன எனின், அந்நிறுவனத்தார் அது செய்யார். ஒரு பையைத் தொடக்கமுதல் இறுதிவரை ஒருவரே செய்தல் அங்குள்ள முறை. ஆதலின் உற்பத்தியைப் பெருக்குதல் என்பது மனிதரைப் பயிற்றுதலேயாம். ஒரு பட்டறையில் ஏறக்குறைய 300 பேரளவில் நிறுத்தி, பின் வேறோர் ஊரில் புதியது காண்கின்றனர். 2023-இல் நார்மண்டிப் பகுதியின் லூவியேயிலும், 2024-இல் ரியோம் நகரத்துப் பழைய புகையிலை ஆலைக் கட்டடத்திலும் அங்ஙனம் திறந்தனர். 2021-இல் பயிற்சிப் பள்ளியும் தொடங்கினர். அங்குத் தேறுவார்க்கு அரசாங்கச் சான்றிதழ் உண்டு. முன்பழக்கம் இல்லாரையும் கைத்திறம் சோதித்துச் சேர்க்கின்றனர்.

நம் நாட்டிலும் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை முதலிய ஊர்களில் தோல்வினை பல்லாயிரவர்க்குச் சோறிடுகின்றது. ஆயினும் தோற்பையைத் தோளில் மாட்டுதல் பெருமை, அதனைத் தைத்தல் இழிவு என்று கருதுகின்றோம். இஃதென்ன நியாயம்?

எம் குற்றமும் ஒன்றுண்டு. நன்னூற் சூத்திரம் ஒப்பிக்க மாட்டாத மாணவன் ஒருவன், வகுப்பிற் கிழிந்த புத்தகங்களையெல்லாம் அழகுறத் தைத்துத் தருவான். அவனைக் கடைசிப் பலகையில் இருத்தினோம். அக்கைகளின் கல்வியை யாம் அன்று கண்டிலோம்.

நம் சங்கத்தின் கல்வி நிதி கல்லூரி செல்வார்க்கே பயன்படுகின்றது. அதில் ஒரு பகுதியைத் தொழில் பயில்வார்க்கு ஒதுக்குமாறு வேண்டுகின்றோம். தோல்வினையாயினும் தச்சாயினும் ஆகுக. நம் பிள்ளைகள் அதனை நாணமின்றிக் கற்பாராக. அவ்வினையை வழிவழியாகக் காத்தோரை வணங்கிக் கற்பாராக.