செங்கடற்கரையில் ஓர் ஓடு

பாகூர்ப் பகுதிக் கவிஞர் பெருமக்களே, குருவிநத்தத்துச் சான்றோரே!

முதலாண்டு மாணவர்க்கு ஆய்வுநெறி கற்பிக்க நான் எடுத்துக்கொண்டது ஆப்பிரிக்க மண்ணில் கிடைத்த ஒரு பானையோடு. எகிப்தின் செங்கடற்கரைப் பழந்துறையான குசேர் அல் கதீமில் கண்டெடுக்கப்பட்டது, கி.மு. முதல் நூற்றாண்டினது. அதிலுள்ள தமிழ்ப் பிராமி எழுத்துகளை ஐராவதம் மகாதேவன் 2007இல் 'பானை ஒறி' எனப் படித்தார். கயிற்று உறியில் தொங்கவிடும் பானை என்பது பொருள்.

"எகிப்தைத் தமிழர் ஆண்டனர்" என எழுதிவந்தான் ஒரு மாணவன். வகுப்பே கைதட்டிற்று. நம் அரிக்கமேட்டில் 1945இல் வீலர் அகழ்ந்தபோது உரோமானியச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தனவே, உரோமர் பாகூரை ஆண்டனர் என எழுதுவாயா என்றேன். வகுப்பு அடங்கிற்று.

ஆனால் நானும் தவறினேன். ஓட்டில் உள்ள 'ஒறி'யைக் கரும்பலகையில் 'உறி' எனத் திருத்தி எழுதியிருந்தேன். "மூலத்தில் அப்படி இல்லையே, அம்மா" என்றாள் கடைசி வரிசை மாணவி. அது பிழையன்று; நடு இந்தியத் திராவிட மொழியான பர்ஜியில் 'ஒறி' என்றே இணைச்சொல் உண்டு. அந்தச் சான்றை என் கை அழித்திருந்தது. முனைவர் பட்டம் பெற்ற கை!

அம்மாணவன் பின்னர் வந்து, "கட்டுரையில் விட்டுவிட்டேன், கவிதையிலாவது எகிப்தை ஆளலாமா, அம்மா?" என்றான். உங்களைக் கேட்டுச் சொல்வதாகக் கூறியிருக்கிறேன். கேட்டுவிட்டேன்.