ஊர் திரும்பும் தம்பதிகளுக்கு

சென்னையில் வேலை பார்க்கும் தென்காசி இளம் தம்பதிகள் சிலருக்கு இப்போது ஊர் திரும்ப வழியிருக்கிறது. 2011-இல் ஜோஹோ மென்பொருள் நிறுவனம் தென்காசிக்குப் பக்கத்திலுள்ள மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. 2019-இல் அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்புவே அமெரிக்காவை விட்டு அந்தக் கிராமத்துக்குக் குடிவந்துவிட்டார். குற்றாலச் சாரலும் மென்பொருள் வேலையும் ஒரே ஊரில்! சம்பளம் எவ்வளவு என்பதை மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பட்டணத்தில் மிச்சமிருக்கும் மாதங்களை மெரினாவிலேயே கழித்துவிடாதீர்கள். வீட்டுக்காரரிடம் இப்போதே சொல்லி, அட்வான்ஸ் பேச்சை முடியுங்கள். கேஸ் இணைப்பு, ரேஷன் கார்டு முகவரி மாற்ற வேண்டும். செங்கோட்டை போகும் பொதிகை எக்ஸ்பிரஸுக்கு 60 நாள் முன்பே முன்பதிவு தொடங்கிவிடும். குற்றாலச் சீசன் ஜூனில் ஆரம்பம். அதற்குள் டிக்கெட் எடுத்துவிடுங்கள்.