ஐந்தாவது பங்கு

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



கணினித் தொழிலில் உழைத்த பணத்தைக் கல்விக்குக் கொடுத்த ஒருவரைப் பற்றிப் பேசும்படி சங்கத்தினர் கேட்டார்கள். நானும் அந்தத் துறையில் வேலை செய்பவள் என்பதால் கேட்டிருக்கலாம். சிவ் நாடாரைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். ஆனால் அவருடைய கதையை அவர் பிறப்பதற்கு முன்னர் நடந்த ஒரு பாகப்பிரிவினையிலிருந்து தொடங்க வேண்டும்.

கோயம்புத்தூர்ப் பீளமேட்டில் பி. எஸ். கோவிந்தசாமி நாயுடு என்றொருவர் இருந்தார். அவருக்கு ஆண்பிள்ளைகள் நான்கு பேர். குடும்பச் சொத்தைப் பிரித்தபோது அதை நான்காகப் பிரிக்கவில்லை, ஐந்தாகப் பிரித்தார்கள். ஐந்தாவது பங்கு தருமத்துக்கு. ஊரையும் தங்களோடு கூடப்பிறந்த ஒரு பிள்ளையாகக் கணக்கில் எடுத்தார்கள் என்றே நான் அதை விளங்கிக்கொள்கிறேன். அந்தப் பங்கைக் கொண்டு 1926இல் ஓர் அறக்கட்டளை அமைந்தது. அதன் கல்வி நிலையங்களில் ஒன்றுதான் 1951இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி.

சிவ் நாடார் 1945இல் திருச்செந்தூருக்குக் கிட்ட மூலைப்பொழி என்ற கிராமத்தில் பிறந்தவர். அவர் பொறியியல் படித்தது அந்தக் கல்லூரியில். பிறகு வடக்கே போய் டில்லியில் ஒரு பெரிய நிறுவனத்தில் வேலை பார்த்தார். அந்த வேலையை விட்டு வந்து, 1976இல் நண்பர்கள் சிலரோடு சேர்ந்து எச்.சி.எல். நிறுவனத்தைத் தொடங்கினார். போட்ட முதல் ஒரு இலட்சத்து எண்பத்தேழாயிரம் இந்திய ரூபாய் என்று சொல்வார்கள். கணினி என்ற சொல்லைச் சாதாரண சனம் கேள்விப்பட்டே இராத காலம் அது. 1978இல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டு வெளியேறியது. அந்த ஆண்டிலேயே இவர்கள் தங்கள் சொந்தக் கணினியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். நிறுவனம் உலகளவில் வளர்ந்த கதை உங்களுக்குத் தெரியும்.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பின்னர் நடந்தது. 1994இல் அவர் ஓர் அறக்கட்டளையை நிறுவினார். 1996இல் சென்னைக்குத் தெற்கே காலவாக்கத்தில் தன் தகப்பனாரின் பெயரில் ஒரு பொறியியல் கல்லூரியைத் தொடங்கினார். 2009இல் உத்தரப் பிரதேசத்தின் புலந்த்ஷஹரில் வித்யாஞான் என்ற விடுதிப் பாடசாலை தொடங்கியது. கிராமத்து ஏழைக் குடும்பங்களில் கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தேடி எடுத்து, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை ஒரு சதமும் வாங்காமல் படிப்பிக்கிறார்கள். 'தேடி எடுத்து' என்ற சொல்லைக் கவனியுங்கள். கதவைத் திறந்து வைத்துவிட்டு வருபவர் வரட்டும் என்று அவர்கள் இருக்கவில்லை.

ஆக, பீளமேட்டு வீட்டின் ஐந்தாவது பங்கில் படித்த பிள்ளை, பல நூறு கிலோமீற்றருக்கு அப்பால் வேறு பாஷை பேசும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டினார்.

ஆண்களுக்குத்தானே இதெல்லாம் வாய்க்கும் என்று முன்வரிசையில் யாராவது நினைக்கலாம். இங்கிலாந்தின் ஸ்டெபனி ஷேர்லியை நினைத்துக்கொள்ளுங்கள். யூதத் தந்தையின் மகளாக ஜேர்மனியில் பிறந்து, 1939இல் ஐந்து வயதில், பெற்றோரைப் பிரிந்து அக்காவோடு அகதியாக வந்து இறங்கியவர். அவர் சேர்ந்த பெண்கள் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கவில்லை. விசேட அனுமதி வாங்கி, ஆண்கள் பாடசாலைக்குப் போய்ப் படித்தார். 1962இல் 6 பவுணோடு மென்பொருள் நிறுவனம் தொடங்கி, பிள்ளை பெற்று வீட்டோடு இருந்த பெண்களுக்கு வீட்டிலிருந்தே செய்யும் வேலை கொடுத்தார். பெண் பெயரில் போன கடிதங்களுக்குப் பதில் வராததால் 'ஸ்டீவ்' என்று கையெழுத்து வைத்தார். பிற்காலத்தில் தன் செல்வத்தின் பெரும்பகுதியை ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காகவும் கணினித் துறைக்காகவும் கொடுத்தார். அவருடைய ஒரே மகனுக்கும் ஓட்டிசம் இருந்தது.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன்.

உயர்தரத்தில் கணிதம் படிக்க நான் சாம்பல்தீவிலிருந்து தினமும் திருகோணமலை நகரத்துக்குப் போய்வந்தேன். அப்பா கடல் தொழில். கடல் இரைந்தால் வீட்டில் உலை இல்லை, பஸ்ஸுக்கும் காசு இல்லை. இரண்டு கிழமை போகாமல் இருந்தேன். எங்கள் ரீச்சர் ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு மாதம் முதலாந் தேதியும் கொப்பித் தாளில் சுற்றிப் பஸ் காசு தருவார். அம்மா அழுதபோது, "இது கடன்தான், எழுதி வைத்திருக்கிறேன்" என்றார். உண்மையாகவே ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார்.

முதல் சம்பளத்தை எடுத்துக்கொண்டு ரீச்சரிடம் போனேன். கொப்பியைத் திறந்து, என் பெயருக்கு மேலே ஒரு கோடு போட்டார். அடுத்த வரியில் அப்போது பத்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளையின் பெயரை எழுதி, நான் கொடுத்த தொகையை அதற்கு நேரே பதிந்தார். என் பெயருக்கு முந்திய பக்கங்களிலும் கோடு போட்ட பெயர்கள் இருந்தன. அப்போதுதான் எனக்கு விளங்கியது, என் பஸ் காசும் எனக்கு முன்னர் படித்த ஓர் அக்கா திருப்பிக் கொடுத்த காசு என்று.

2004 மார்கழியில் ரீச்சர் உயிர் தப்பினார். வீட்டோடு கொப்பியைக் கடல் கொண்டுபோய்விட்டது.

நூற்றாண்டு நினைவாக வாசலில் ஒரு வளைவு கட்ட வேண்டும் என்று சங்கத்தில் பேசுகிறோம். கட்டுவோம். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சேர்ந்த காசை எண்ணும்போது பீளமேட்டு வீட்டுக்காரர் செய்த மாதிரிச் செய்வோம். ஐந்தில் ஒரு பங்கைத் தனியே வைப்போம். இந்தப் பாடசாலையிலிருந்து எந்தப் பிள்ளை இரண்டு கிழமையாக வரவில்லை என்று தேடிப் போவதற்கு அந்தப் பங்கு. நூறு வயதான வளைவைப் பார்த்து எங்கள் பேத்திமார் சந்தோஷப்படுவார்கள். அதற்குக் கீழால் நடந்து உள்ளே வர அவர்களிடம் பஸ் காசும் இருக்க வேண்டும்.

வரவேற்பு மேசையில் ஒரு புதுக் கொப்பி வைத்திருக்கிறேன். முதல் வரியில் என் பெயரும் ஒரு தொகையும் இருக்கின்றன. சாப்பாட்டுக்குப் போகும்போது அந்த மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும்.