முத்துச்சரத்தைக் கொன்றது நான்தான்



வீட்டுக்குள் தொங்கும் சதைப்பற்றுச் செடிகளை வளர்ப்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அப்படி ஒரு செடியை நான் கொன்றிருக்கிறேன். அதோடு போயிருந்தால் இங்கே வந்து நின்றிருக்க மாட்டேன்.

என் ஊர் ஜோகூரில் ஆயர் ஈத்தாம். மலாயில் 'கறுப்புத் தண்ணீர்' என்று பொருள். பத்து பகாட், குளுவாங் போகும் சாலையும் பழைய கோலாலம்பூர் - ஜோகூர் பாரு சாலையும் சந்திக்கிற இடம். 1994இல் வடக்கு - தெற்கு நெடுஞ்சாலை முழுதாகத் திறக்கப்படும் வரை தெற்கே போகிற வண்டிகள் ஊருக்குள் புகுந்துதான் போகும். இறங்கிக் கால் நீட்டியவர்கள் கையில் ஒரு மண்பாண்டமோ பீங்கான் சாடியோ இல்லாமல் வண்டி ஏறியதில்லை. சாடிக்குப் பேர்போன ஊர்க்காரன் சாடியிலேயே ஏமாந்தேன் என்றால் சிரிக்கத்தான் செய்வீர்கள்.

அம்மா தோட்டத்து லயத்து வீட்டை விட்டு அடுக்குமாடிக்கு வந்த நேரம். லயத்து வாசலில் முருங்கை, கறிவேப்பிலை, பிரண்டை என்று வைத்திருந்தவருக்கு இங்கே கம்பி போட்ட ஒரு ஜன்னல்தான் மிச்சம். மனசு குளிரட்டுமே என்று முத்துச்சரம் செடி ஒன்றை, பளபளவென்று மெருகு பூசிய நீலச் சாடியில் வைத்து, கீழே ஒரு தட்டும் கட்டித் தொங்கவிட்டேன். பச்சைப் பட்டாணியைக் கோத்துவிட்டதுபோல் சரம் சரமாய் இறங்கியது. அம்மா காலையில் ஒரு தரம் தண்ணீர் ஊற்றுவார். சாயங்காலம் வேலை முடிந்து வந்து நானும் ஊற்றுவேன். மூன்று வாரத்தில் முத்தெல்லாம் கண்ணாடிபோல் வெளிறி, தொட்டால் நசுங்கிக் கொட்டியது.

செடி போனால் போகட்டும். அடுத்த வாரம் அம்மாவுக்குக் காய்ச்சல். டிங்கி என்றார்கள். மருத்துவமனையில் ஐந்து நாள். கொசு எந்த வீட்டில் பிறந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தட்டுத் தண்ணீரில் புழு நெளிந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

பிறகுதான் விசாரித்தேன். முத்துச்சரம் தென்னாப்பிரிக்காவின் வறண்ட நிலத்துச் செடி. அங்கே அது தொங்குவதுகூட இல்லை. புதர் நிழலிலும் பாறை ஓரத்திலும் தரையில் ஊர்ந்து, மண் பட்ட இடத்தில் வேர் விடும். இலை உருண்டையாக இருப்பதே உள்ளிருக்கும் நீர் வெயிலில் போய்விடாமல் இருக்கத்தான். ஒவ்வொரு முத்திலும் ஒரு பக்கம் மெல்லிய கோடு இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? வெளிச்சம் உள்ளே போகிற ஜன்னல் அது. இப்படி வறட்சிக்கென்றே பிறந்த ஒன்றை நம் ஜோகூர் ஈரக்காற்றில் வைத்து, நாளைக்கு இரண்டு தரம் குளிப்பாட்டினால்?

முத்து சுருங்கினால்தான் அதற்குத் தாகம். மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் ஊற்ற வேண்டாம். நம் மழைக்காலத்தில் இரண்டு வாரம் ஊற்றாமலிருந்தாலும் ஒன்றும் ஆகாது. கறுப்பு மண் மட்டும் போட்டால் சேறுதான். ஆற்று மணல், கருக்கிய நெல் உமி, உடைந்த செங்கல் துண்டு பாதிக்கு மேல் இருக்கட்டும். காலை வெயில் வரும் கிழக்கு ஜன்னல் நல்லது.

சாடி விஷயத்தில் நம் ஊர் வியாபாரிகள் கோபித்துக்கொள்ளக் கூடாது. மெருகு பூசாத சுட்ட மண் சாடி ஈரத்தைப் பக்கவாட்டில் வெளியே விடும். மெருகு பூசியது விடாது. அதிலும் அடியில் ஓட்டை இல்லாவிட்டால் அது சாடி இல்லை, குளம். அழகுக்கு வேண்டுமென்றால் ஓட்டை உள்ள சின்னப் பிளாஸ்டிக் சாடியை உள்ளே வைத்து, தண்ணீர் ஊற்றும்போது வெளியே எடுத்து, வடியவிட்டு வையுங்கள்.

தட்டை மட்டும் யாரும் லேசாக நினைக்காதீர்கள். ஏடிஸ் கொசு முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, விளிம்பில் ஒட்டி வைக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் போதாது. காய்ந்த முட்டை மாதக்கணக்கில் கிடந்து, மறுபடி நனைந்தால் பொரிக்கும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவ வேண்டும். கொசுப்புழு இருந்தால் அபராதம் போட 1975ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. நான் தட்டையே எடுத்துவிட்டேன்.

இன்னொன்று. முத்துச்சரம் நஞ்சுள்ளது. தின்றால் வாந்தி எடுக்கும். பட்டாணி என்று நினைத்துக் குழந்தை வாயில் போடும், பூனையும் கடிக்கும். எட்டாத உயரத்தில் தொங்கட்டும்.

வெளிநாட்டுச் செடிதான் வேண்டுமா என்று யோசித்தபோது ஒரு நண்பர் தேங்காய் மட்டையில் கட்டிய கொடி ஒன்றைத் தந்தார். காசு காசாய்த் தடித்த இலை, சோடி சோடியாக. அம்மா பார்த்ததும் சிரித்துவிட்டார். "இது ரப்பர் மரத்துல படர்ந்து கெடக்குமேடா! நாங்க சுரண்டிப் போட்டத நீ சாடியில வச்சுக் கொண்டாந்திருக்க!"

டிஸ்கிடியா என்பது அதன் பெயர். நம் எருக்கின் குடும்பம். ஒடித்தால் பால் வடியும். மரத்தைப் பிடித்துத் தொங்குமே தவிர அதன் சத்தை உறிஞ்சாது. இதன் உறவுக்காரி ஒருத்தி பை போன்ற இலைக்குள் எறும்புகளைக் குடிவைக்கிறாள். வாடகை உண்டு. 1995இல் வெளியான ஓர் ஆய்வின்படி, எறும்பு குடியிருக்கும் இலையின் கரிமத்தில் 39 விழுக்காடு எறும்பு விடும் மூச்சிலிருந்தும், தழைச்சத்தில் 29 விழுக்காடு எறும்பு சேர்க்கும் குப்பையிலிருந்தும் வருகிறது.

இந்த ஈரக்காற்று இதற்குப் பிறந்த வீடு. மண்ணே வேண்டாம், தேங்காய் மட்டை, கரித்துண்டு போதும். நேர் வெயில் படாத வெளிச்சத்தில் தொங்கவிட்டு, மட்டை காய்ந்தால் நனைத்தால் சரி. கணுவோடு ஒரு துண்டு நறுக்கி, பால் உலர்ந்ததும் ஈர மட்டையில் கட்டினால் வேர் பிடிக்கும். மாவுப்பூச்சி மட்டும் வரும். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுங்கள்.

இப்போது அம்மாவின் ஜன்னலில் நாலு மட்டை தொங்குகிறது. ஓர் ஓரத்தில் பிரண்டையும் உண்டு. எதிர்வீட்டு மலாய்க்கார அம்மாவுக்கு ஒரு துண்டு கொடுத்திருக்கிறார், "தினம் ஊத்தாதீங்க" என்று சொல்லி. அந்த நீலச் சாடியை நான் வீசவில்லை. அடுப்படியில் கரண்டி போட்டு வைத்திருக்கிறார்கள்.