தண்ணியில்லாக் காடா, தம்பி தங்கையரின் ஊரா?

(கல்வி உரிமைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையிலிருந்து)



"தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்!" என்பது ஆசிரியரை மிரட்ட அதிகாரி எடுக்கும் பிரம்பு. எது அந்தக் காடு? கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் மேலேயுள்ள சிற்றூர். சவ்வாது மலையில் பேருந்து நின்றுவிடும் இடத்துக்கு அப்பாலுள்ள குடியிருப்பு. அங்கே வாழ்வோர் நம் பிள்ளைகள்! அவர்களது ஊரைத் தண்டனைக் கூடமாக்கிவிட்டு, அங்கே சென்று அன்போடு பாடம் சொல் என்று ஆசிரியரைக் கேட்பது எந்த நாட்டு நீதி?

1920-இல் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பகலுணவு தந்தார் வெள்ளுடை வேந்தர் தியாகராயர். 1956-இல் மதிய உணவு மாநிலத் திட்டமாயிற்று. பிள்ளையைப் பள்ளிக்கு அழைக்கச் சோறிட்டோம். ஆசிரியரை மலைக்கு அழைக்க என்ன இட்டோம்?

60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கும் ஆசிரியர் இருவர் வேண்டும் என்கிறது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். ஏட்டில் இருவர்தாம். ஒருவர் மாறுதல் பெற்று இறங்கிவிட்டால், மற்றவர் அலுவலகக் கூட்டத்துக்குப் போகும் நாளில் பள்ளிக்குப் பூட்டு!

ஆப்பிரிக்காவிலே காம்பியா என்றொரு சின்னஞ்சிறு நாடு. நம்மினும் ஏழை நாடு. தொலைவிடப் பள்ளி ஆசிரியருக்கு 2006-இல் அங்கே தனிப்படி தந்தார்கள். தொலைவுக்கேற்ப அடிப்படைச் சம்பளத்தில் 30 முதல் 40 விழுக்காடு. அதன்பின் அப்பள்ளிகளுக்கு மாறுதல் வேண்டுமென்று ஆசிரியர்களே எழுதிக் கேட்டார்கள்! இங்கும் மலைப்படி உண்டு. அது எதற்குக் காணும் என்று வாங்குகிறவரைக் கேளுங்கள்.

படி மட்டும் போதாது. குடியிருக்க வீடு வேண்டும். பெண் ஆசிரியைக்கு அச்சமின்றி உறங்கும் வீடு வேண்டும். மூன்றாண்டு பணியாற்றினால் விரும்பும் ஊருக்கு மாறுதலில் முதலிடம் என்று அரசு எழுதித் தரவேண்டும். திரும்பும் நாள் தெரிந்தால்தான் போக மனம் வரும்.

இனிக் கசப்பான ஒன்று; கோபித்துக்கொள்ளாதீர்கள். மலையிலிருந்து ஆசிரியரை இறக்கும் பரிந்துரைக் கடிதத்தை எழுதுவோர் யார்? மாற்றுக் கட்சியினர் மட்டுமா? மைத்துனருக்காக, மாமன் மகளுக்காக நம் தோழர்களும் அல்லவா அலைகிறார்கள்! நோயோ குடும்பத் துன்பமோ மெய்யானால் முறைப்படி விண்ணப்பம் போகட்டும், யார் தடுப்பார்? கடிதம் கொடுத்தோம், நன்றி பெற்றோம். மறுநாள் காலை அந்தப் பள்ளி வாசலில் காத்து நிற்கும் பிள்ளைகளை நாம் பார்ப்பதில்லை.

அடுத்த மாறுதல் கலந்தாய்வுக்குமுன், எந்த மலைப்பள்ளியில் எத்தனை இடம் காலி என்று கிளைதோறும் எழுதியனுப்புங்கள். அந்தப் பட்டியலோடு கல்வி அமைச்சரைக் காண நானே உடன் வருகிறேன். பரிந்துரைக் கடிதம் கேட்டு மட்டும் என் வீட்டு வாசலுக்கு வராதீர்கள்!